கிரேக்க இலக்கியத்தை எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

பண்டைய கிரேக்க இலக்கியம், தத்துவம், புராணம் மூன்றுக்கும் நல்ல புத்தகங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஏதோ சினிமாவோ வீடியோ கேமோ ஆசையைக் கிளப்பியிருக்கும். யாரோ ஹோமரின் 'இலியட்' காவியம் படி, பிளேட்டோவின் 'குடியரசு' படி என்று சொல்லியிருப்பார்கள். வாங்கிப் பாதியில் மூடி வைத்திருப்பீர்கள். என் ஊகம்தான், தப்பென்றால் மன்னிக்கவும்.

நான் சொல்வது சோஃபக்ளீஸ் எழுதிய 'ஆன்டிகனி' நாடகம். ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம்.

வேலைக்குப் போகும் மின்ரயிலில்தான் இதைப் படித்தேன். எங்கள் பெட்டியில் சீட்டாடும் கோஷ்டி ஒன்று உண்டு. அன்று கட்டு கொண்டுவருகிறவர் லீவு. பொழுது போகாமல், "என்ன சார் அது, எங்களுக்கும் சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். தீப்ஸ் நகரத்தின் ஆட்சிக்காகச் சகோதரர் இருவர் மோதி, ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். தாய்மாமன் க்ரேயோன் அரசனாகிறான். நகரத்தைக் காத்தவனுக்கு முறையான அடக்கம். வெளியிலிருந்து படை திரட்டி வந்தவன் பிணத்தை யாரும் தொடக்கூடாது, தொட்டால் மரண தண்டனை. அவர்களின் சகோதரி ஆன்டிகனி போய் மண் போட்டுவிடுகிறாள். அவளுக்கு நிச்சயம் செய்திருப்பதோ க்ரேயோனின் சொந்த மகனை.

இவ்வளவு சொன்னதுமே பெட்டி இரண்டாகிவிட்டது. மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர், "ஆர்டர்னா ஆர்டர்தான் சார். மருமகளா வரப்போறவன்னு விட்டா நாளைக்கு எவன் மதிப்பான்?" என்றார். எதிர் சீட்டு நர்ஸம்மா, "செத்தவன்கிட்ட என்னங்க வீம்பு?" என்று எகிறினார். இறங்கும் வரை ஓயவில்லை. மறுநாள் மீதியையும் கேட்டார்கள். ஆன்டிகனியை உயிரோடு கல்லறையில் அடைக்கிறார்கள், அவள் தூக்கிட்டுக்கொள்கிறாள். மகன் அவள் பக்கத்திலேயே தன்னைக் குத்திக்கொண்டு சாகிறான். சேதி கேட்டு அவன் தாயும் போய்ச் சேர்கிறாள். மின்வாரியக்காரர் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை: "ஆர்டர் தப்பில்ல சார். அந்தாளுக்குப் புத்தி லேட்டா வந்துச்சு, அதான்." நாடகத்தில் நடப்பதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் கோரஸ் குழுவும் கடைசியில் க்ரேயோனிடம் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. இரண்டு நியாயங்கள் மோதுவதே இதில் துயரம் என்று ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் எழுதினார். எங்கள் பெட்டிக்கு ஹெகல் தேவைப்படவில்லை.

ராபர்ட் ஃபேகில்ஸ் மொழிபெயர்ப்பில் இதோடு, ஆன்டிகனியின் தந்தை ஈடிபஸைப் பற்றிய நாடகங்கள் இரண்டும் ஒரே தொகுதியாகக் கிடைக்கின்றன. மூன்றும் வெவ்வேறு காலத்தில் எழுதப்பட்டவை, 'ஆன்டிகனி'தான் மூத்தது. அதனால் கதை வரிசை பார்க்க வேண்டாம்.

ஹோமர் இல்லாமல் கிரேக்கமா என்று கீழே கமென்ட்டில் ஒருவர் வருவார், தெரியும். வேண்டாம் என்று யார் சொன்னது? அடுத்து வரட்டும் என்கிறேன். அவருடைய இரண்டு காவியங்களிலும் 'ஒடிஸி' முதலில். டிராய் போரின் மரக்குதிரைக்காக 'இலியட்'டைத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அது டிராய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது, குதிரை 'ஒடிஸி'யில்தான் பேச்சில் வருகிறது. போதாததற்கு 'இலியட்'டின் இரண்டாம் பாகத்திலேயே கப்பல் பட்டியல் ஒன்று நீளமாகப் போகும். பலர் அங்கேயே கழன்றுகொள்கிறார்கள்.

'ஒடிஸி'க்கு எமிலி வில்சனின் 2017 மொழிபெயர்ப்பு நன்றாக ஓடும். எதை வாங்கினாலும் மொழிபெயர்ப்பாளர் பெயர் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் தங்க எழுத்து அட்டையோடு ஒரு 'ஒடிஸி' என் தலையில் கட்டப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் பெயரே எங்கும் இல்லை. உள்ளே அதீனா இருக்க வேண்டிய இடத்தில் மினர்வா, ஒடிசியஸுக்குப் பதில் யுலிசஸ், எல்லாம் ரோமானியப் பெயர்கள். தேடிப் பார்த்தால் சாமுவேல் பட்லர் 1900இல் வெளியிட்ட உரைநடை. பட்லர் மோசமில்லை, ஆனால் அதைச் சொல்லி விற்க என்ன கேடு?    

புராணத்துக்கு ஈடித் ஹாமில்டனின் 'மித்தாலஜி' (1942) போதும். கிரேக்கப் புராணங்களைத் தொகுத்து எழுதிய ராபர்ட் கிரேவ்ஸ் கதை சொல்வதில் கெட்டிக்காரர், ஆனால் கூடவே தரும் விளக்கங்களை அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. மூலமே வேண்டுமென்றால் கடவுள்களின் பிறப்பைச் சொல்லும் ஹீசியடின் 'தியோகனி', ஆயிரம் வரிக்குக் கொஞ்சம் மேல்தான்.

தத்துவத்தில் அரிஸ்டாட்டிலைத் தொடாதீர்கள், இப்போதைக்கு. நமக்குக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் பாடக்குறிப்பு மாதிரியானவை, வறட்சியாக இருக்கும். பிளேட்டோவின் 'அப்பாலஜி' எடுங்கள், சாக்ரடீஸ் தன் தரப்பில் பேசிய வாதம் அது. கி.மு. 399, எழுபது வயது சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் நிற்கிறார். குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது, என்ன தண்டனை தரலாம் நீயே சொல் என்கிறார்கள். ஒலிம்பிக்கில் ஜெயித்தவர்களுக்குப் போடுவதுபோல எனக்கும் அரசுச் செலவில் சாப்பாடு போடுங்கள் என்கிறார்! 'குடியரசு' அப்புறம் போதும். அதை வெ. சாமிநாத சர்மா தமிழில் தந்திருக்கிறார், பழைய நடைதான், ஆனாலும் தெளிவு. 'அப்பாலஜி'யின் வாதத்தில் சாக்ரடீஸ், தன்னை ஒரு நாடகத்தில் கேலி செய்ததையும் இழுக்கிறார். அது அரிஸ்டோஃபனீஸின் 'மேகங்கள்', கி.மு. 423இல் அரங்கேறியது. அதில் சாக்ரடீஸ் கூடைக்குள் தொங்கிக்கொண்டு சூரியனை ஆராய்கிறார். 'அப்பாலஜி', 'மேகங்கள்' இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.