குமட்டலுக்குப் பயப்படுபவர்களுக்கு எந்தக் கேபின்?

பேருந்தில் ஏறினாலே அம்மாவுக்குக் குமட்டும், கப்பல் பயணத்துக்கு மேல்தளத்தில் பால்கனி கேபின் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. கப்பல் சீசா பலகை மாதிரிதான், இரண்டு முனைகளும் ஏறி இறங்கும், நடுப்பகுதி அவ்வளவாக அசையாது. மேலே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். அதனால் கீழ்த்தளத்தில், நடுவில், ஜன்னல் உள்ள கேபினாகப் பாருங்கள். விலை குறைகிறதே என்று, எந்தக் கேபின் என்பதைக் கப்பல்காரர்களே பிறகு முடிவுசெய்யும் டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள். என் முதல் பயணத்தில் அப்படித்தான் முன்முனையில் மாட்டினோம். ராத்திரி முழுக்க அலமாரியில் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருந்தன. என் மனைவி பாத்ரூம் தரையை விட்டு எழவே இல்லை.

அப்புறம் மாத்திரை. குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிதாகக் கேட்காது. மெக்லிசின் என்றால் கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். அம்மாவுக்குக் கண் அழுத்தம் இருந்தாலோ வேறு மருந்து சாப்பிட்டாலோ டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றோடும் விடாதீர்கள். தலை சுற்றினால் உடனே வெளித்தளத்துக்குக் கூட்டிப்போய்த் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.