“பாவம் பிள்ளையள்” என்று நாம் போடும் புள்ளி

கேள்வி: யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையோரத்தில், 11 ஆம் தரம் வரை உள்ள ஒரு பாடசாலைக்கு அதிபராக வந்து எட்டு மாதம். பிள்ளைகளில் அரைவாசிப் பேர் கடற்றொழில் செய்யும் குடும்பங்கள். சில வீடுகளில் தாய் மத்திய கிழக்கில், அம்மம்மாதான் வளர்க்கிறார். ஆசிரியர்களில் ஒரு பகுதியினர், “பாவம் பிள்ளையள், வந்து இருந்திட்டுப் போனாலே காணும்” என்கிறார்கள். மற்றப் பகுதியினர், “இதுகளுக்குப் படிப்பு ஏறாது” என்று கத்துகிறார்கள். ஒழுங்கு வரட்டும் என்று நான் 7.30 மணிக்குக் கேற்றைப் பூட்டினேன். முதல் கிழமை பதினொரு பேர் பிந்தினார்கள், மூன்றாம் கிழமை நாலு பேர். சந்தோஷப்பட்டேன். பிறகு இடாப்பைப் பார்த்தால், 11 ஆம் தரத்துப் பெடியன்கள் இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். விடிய வலையில் மீன் கழற்றிவிட்டு வருகிறவர்களாம். ஒருவனின் கணக்குக் கொப்பி இன்னும் என் மேசையில் கிடக்கிறது. நான் இளகுவதா, இறுக்குவதா?
– அதிபர் ஒருவர், வடமராட்சி

பதில்: இடாப்பைத் திரும்பப் பார்த்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பிந்துகிறவர் தொகை குறைந்தது என்று வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

உங்கள் ஆசிரியர்கள் இரண்டு கட்சி என்று நினைக்கிறீர்கள். எனக்கு ஒரே கட்சியாகத்தான் தெரிகிறது. “பாவம்” என்பவரும் “ஏறாது” என்பவரும், இந்தப் பிள்ளை படிக்கப் போவதில்லை என்ற ஒரே முடிவில்தான் நிற்கிறார்கள். ஒருவர் அதை அன்பாகச் சொல்கிறார், மற்றவர் கோபமாகச் சொல்கிறார். “இதுகள்” என்ற சொல்லுக்குப் பின்னால் நம் ஊரில் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு கணக்கும் இருக்கும். எந்தக் குறிச்சி, யாருடைய பிள்ளை என்ற கணக்கு. உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நானும் முதல் கட்சியில் இருந்தவள்தான். 1995 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகு ஊர் திரும்பி, உடைந்த கட்டடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். தகப்பனை இழந்த பிள்ளை ஒருத்தி வகுப்பில் இருந்தாள். தவணைப் பரீட்சையில் அவளுக்கு 18 புள்ளி வந்தது. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால், தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். வீட்டில் இருக்கிற துன்பத்துக்கு இதுவும் ஒன்றா என்று 40 போட்டேன். அடுத்த தவணையும் அப்படித்தான். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியில்லை. பெறுபேறு வந்த பிறகு ஒருநாள் சந்தியில் என்னைக் கண்டு நின்றாள். “மிஸ், நீங்கள் 40 போட்டபடியால் எனக்குக் கணக்கு ஓடுது எண்டு நினைச்சிட்டன்” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அந்தப் பின்னத்தை இருத்திச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்திருக்கும். ஒரு சிவப்புப் பேனையோடு முடித்துவிட்டேன்.

நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல இது. அலாஸ்காவில், கிராமங்களிலிருந்து நகரப் பாடசாலைகளுக்குப் படிக்க வந்த பழங்குடிப் பிள்ளைகளின் ஆசிரியர்களை ஜூடித் க்ளைன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் கவனித்து, 1975 இல் எழுதினார். கண்டிப்பு மட்டும் உள்ளவர்களிடமும் பிள்ளைகள் முன்னேறவில்லை, பாசம் மட்டும் உள்ளவர்களிடமும் முன்னேறவில்லை. முகம் பார்த்துப் பேசி, பிள்ளையின் நம்பிக்கையைப் பெற்று, பிறகு “இதை நீ செய்யத்தான் வேணும்” என்று விடாப்பிடியாக நின்றவர்களிடம்தான் அவர்கள் படித்தார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பழைய வாத்திமார் சிலர் பெயர் தெரியாமலே அப்படி இருந்தார்கள். பிரம்பை நம்பியவர்களை நான் இதில் சேர்க்கவில்லை.

இனிக் கேற்றுக்கு வருவோம். 7.30 என்ற நேரத்தை மாற்றாதீர்கள், பூட்டைக் கழற்றுங்கள். பிந்தி வருகிற பிள்ளை நேரே வகுப்புக்குப் போகட்டும். இழந்த பாடத்தை இடைவேளையிலோ பாடசாலை விட்ட பிறகோ ஈடுசெய்ய வேண்டும். தண்டனையாக அல்ல, கடனாக. மீன் கழற்றுகிற வீடுகளுக்கு நீங்களே ஒரு விடியற்காலை போய் நில்லுங்கள். இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துப்போன கிழமையில் ஒரு தகப்பன் கூலிக்கு ஆள் வைக்க மாட்டார் என்பது அங்கே நின்று பார்த்தால்தான் விளங்கும். கட்டாயக் கல்வி வயது 16 என்ற சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். “தம்பி ஆறரைக்குக் கரையை விட்டால் எனக்குக் காணும், மிச்சத்தை ஆர் பாக்கலாம்?” என்று கேளுங்கள். கிழமையில் மூன்று நாள் பெரியப்பாவின் மகன் பார்க்கலாம் என்பது போன்ற பதில் வரும். மூன்று நாளில் தொடங்குங்கள்.

அப்படி வருகிறவன் வெறும் வயிற்றோடு வருவான். உங்கள் பழைய மாணவர் சங்கம் லண்டனிலோ கனடாவிலோ இருக்கும். அநேகமாக நுழைவாயிலுக்கு வளைவு கட்டித்தரக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வளைவு பிறகு கட்டலாம், முதலில் ஒரு வருடத்துக்குக் காலைக் கடலையும் தேத்தண்ணியும் தாருங்கள் என்று எழுதுங்கள். கல்லில் பெயர் வெட்ட முடியாதே என்று சிலர் யோசிப்பார்கள்.

வகுப்பறையில் ஒரே ஒரு விதி கொண்டுவாருங்கள்: இரக்கப் புள்ளியும் இல்லை, பூச்சியத்தோடு கைவிடுவதும் இல்லை. பிழைத்த கணக்கைத் திருப்பிக் கொடுத்து, விளங்கப்படுத்தி, சரி வரும்வரை செய்விக்க வேண்டும். கணிதத்தில் சாதாரண சித்திக்கு 35 புள்ளி. 11 ஆம் தரத்துப் பிள்ளை ஒவ்வொன்றோடும் பத்து நிமிடம் இருந்து பார்த்தால், பலருக்குச் சறுக்குவது 11 ஆம் தரப் பாடத்தில் அல்ல என்பது தெரியும். பின்னத்தில் சறுக்கும், திசைகொண்ட எண்களில், அதாவது நேர், மறை எண்களில் சறுக்கும். அவை கீழ் வகுப்புகளிலேயே ஒழுகத் தொடங்கியவை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஓட்டையை ரியூசன் அடைக்கிறது. உங்கள் பிள்ளைக்குப் பாடசாலையை விட்டால் ஆள் இல்லை. 35 ஐ மட்டும் குறிவைக்காதீர்கள். 35 ஐக் குறிவைத்தால் 28 தான் வரும்.

ஆசிரியர்களுக்குக் கூட்டம் வைத்துப் பிரசங்கம் செய்தால் பலன் இருக்காது. அந்தப் 11 ஆம் தரத்தில் இரண்டு பாடவேளையை நீங்கள் எடுங்கள். கத்துகிற ஆசிரியர் இரண்டு பஸ் மாறி வருகிறவரா என்றும் விசாரியுங்கள். அப்படியென்றால் முதற் பாடவேளை அவருக்கு வராதபடி நேரசூசியை மாற்றிக் கொடுங்கள். அதே நேரம், அவர் திருத்திய கொப்பிகளில் கிழமைக்கு ஐந்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிள்ளைக்கு என்ன செய்யச் சொல்கிறோமோ, அதையே ஆசிரியருக்கும் செய்வது. “மொக்கு” என்ற சொல் ஆசிரியர் அறையில் கேட்டால், யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒரு தவணைக்கு உங்களைப் பிடிக்காமல் போகும். பரவாயில்லை.

நின்றுபோன இரண்டு பேரிடமும் ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். கேற்றைப் பூட்டியது பிழை என்று தாய் தகப்பனுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அதிபரின் மரியாதை அதில் குறையாது. மேசையில் கிடக்கிற அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். அவன் கடைசியாகச் செய்த கணக்கைத் திருத்தி, அடுத்த கணக்கைப் பக்கத்தின் தலையில் எழுதி, செவ்வாய்க்கிழமை கொண்டுவா என்று சொல்லிக் கொடுங்கள்.