எழுபது வயது அம்மாவைப் பனி பார்க்க மணாலிக்கு அழைத்துப் போகலாமா?

‘வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள்’ என்று கேள்வியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். அம்மா நன்றாக நடமாடுகிறார், சொந்தக்காரர்கள்தான் பயமுறுத்துகிறார்கள், அப்படித்தானே? தாராளமாக அழைத்துப் போங்கள்.

எனக்கும் இந்த அர்ச்சனை நடந்தது. “இந்த வயசுல அண்ணியைக் கொண்டுபோய் ஐஸ்ல நிறுத்தணுமாடா? காசிக்குக் கூட்டிட்டுப் போனா புண்ணியமாவது கிடைக்கும்” என்றார் சித்தப்பா. ஜனவரியில் காசி எப்படி நடுங்க வைக்கும் என்று அவருக்குத் தெரியாது போல.

நான் டாக்டர் இல்லை, கமெண்ட்டில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நாங்கள் பனி பார்க்கப் போன சிஸ்ஸு, மணாலியைத் தாண்டி லாஹௌல் பக்கம் இருக்கும் ஊர், 10,000 அடிக்கு மேல் இருக்கிறது. இதய நோயோ, மூச்சிரைப்போ, கட்டுக்குள் வராத பி.பி.யோ இருந்தால் டாக்டர் சொல்வதுதான் முடிவு. என் அம்மாவுக்குச் சர்க்கரையும் முட்டிவலியும் உண்டு. அவருடைய டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் டிக்கெட் போட்டேன்.

டெல்லியில் இருந்து ராத்திரி முழுக்க வால்வோ பஸ்ஸில் போவது இளவட்டங்களுக்குச் சரி. நாங்கள் சண்டிகர் வரை விமானம், அங்கிருந்து கார், நடுவில் மண்டி என்ற ஊரில் தங்கல். அதற்கப்புறம் மணாலி. அது சுமார் 6,700 அடிதான், உடம்பு பழகிக்கொள்ளும். அங்கிருந்து ரோத்தாங் கணவாய்க்கு அடியில் போகும் அடல் சுரங்கப் பாதை, 9 கிலோமீட்டர். 2020இல் அது திறக்கும்வரை குளிர்காலத்தில் ரோத்தாங் கணவாய் பனியில் மூடிவிடும், அந்தப் பக்கத்து லாஹௌலுக்குப் போக முடியாது. இப்போது காரில் உட்கார்ந்தபடியே போய்விடலாம். கடும் பனி பெய்தால் மட்டும் சுற்றுலா வண்டிகளைப் போலீஸ் நிறுத்திவிடும், அதனால் கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழியெல்லாம் பேச்சு அம்மாவுடையதுதான். சின்ன வயதில் தி.நகர் இந்தி பிரச்சார சபாவின் ராஷ்ட்ரபாஷா பரீட்சை எழுதியவர். அந்தப் பாடப்புத்தக இந்தியில் டிரைவரின் குடும்பம், ஆப்பிள் தோட்டம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார். அவரும் ‘மாதாஜி, மாதாஜி’ என்று ஒவ்வொரு டீக்கடையிலும் கதவைத் திறந்துவிட்டார்.

சிஸ்ஸுவில் மேகி கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். தெர்மல் உள்ளாடைக்கு மேல் புடவை, அதற்கு மேல் வாடகை கோட்டு, காலில் கம்பூட்ஸ். அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி பனியை அள்ளி அழுத்திப் பார்த்தார். “என்னடா, ரவை மாதிரி உதிருது? நம்ம ஃப்ரீசர்ல பாறையால்ல இருக்கும்” என்றார். கேட்டது சரிதான். ஃப்ரீசரில் இருப்பது உறைந்த தண்ணீர். இது மேகத்தில் நீராவியே படிகமாகி விழுவது, இடையிடையே காற்று நிறைய இருக்கும். நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிடி என் முகத்தில் வந்து விழுந்தது. ஸ்னோ ஸ்கூட்டர், டியூப் சறுக்கல் எதிலும் அம்மா ஏறவில்லை. அந்த நாற்காலியே போதும் என்றார்.

வெயிலை லேசாக நினைக்காதீர்கள். பனி அதை அப்படியே முகத்துக்குத் திருப்பி அடிக்கும், சன்ஸ்கிரீனும் கூலிங் கிளாஸும் அவசியம்.

இவ்வளவு தூரம் போய் வந்தவர் குரோம்பேட்டையில் எங்கள் மூன்றாவது மாடியை விட்டு இறங்க முடியாமல் இருக்கிறார் தெரியுமா? லிஃப்ட் கெட்டு மாதக்கணக்காகிறது. தரைத்தளத்துக்காரர்கள் “நாங்க லிஃப்ட்டே ஏறுறதில்ல, எதுக்குப் பணம்?” என்கிறார்கள். மொட்டை மாடியில் வடாம் காயப்போட மட்டும் எல்லோருக்கும் உரிமை உண்டு. அசோசியேஷன் கூட்டத்தில் நான் பேசினால் ‘மணாலி போகக் காசு இருக்குல்ல, நீங்களே ரிப்பேர் பண்ணுங்க’ என்று ஒருவர் சொல்கிறார். சரி, அதை விடுங்கள்.

பனி வேண்டுமென்றால் ஜனவரி கடைசி, பிப்ரவரி பார்த்துப் போடுங்கள். தெர்மல், கம்பளி சாக்ஸ் இங்கேயே வாங்கிவிடுங்கள். கோட்டும் பூட்ஸும் மணாலியில் வாடகைக்குக் கிடைக்கும். அம்மா இன்சுலின் போடுபவர் என்றால் அதைக் கோட்டின் உள்பையில் வையுங்கள். உறைந்துபோனால் உருக்கிப் போடக் கூடாது, தூக்கித்தான் எறிய வேண்டும். ரூம் ஹீட்டருக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், புக் பண்ணும்போதே பேசிவிடுங்கள்.