ட்ரைப் எடுத்த மதுரையும் தஞ்சையும்: கட்டுரை எழுதுகிற மாணவர்களுக்குக் கேள்வி பதில்

1858-இல் நம் ஊர்க் கோயில்களைப் படம் எடுத்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்பைப் பற்றிக் கல்லூரிக் கட்டுரை எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பேராசிரியர் இல்லை. பழைய படங்களின் பின்னால் ரொம்ப வருஷமாக அலைகிறவன், அவ்வளவுதான்.

மதுரை, இளங்கலை வரலாறு மாணவி: இரண்டாயிரம் சொல் எழுத வேண்டும். ட்ரைப்பின் வாழ்க்கை வரலாறே ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பரவாயில்லையா சார்?

பரவாயில்லை என்று சொல்ல மனசு வரவில்லை அம்மா. 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார், 1855-இல் தூதுக்குழுவோடு பர்மா போய்ப் படம் எடுத்தார், 1856-இல் சென்னை அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார், 1902-இல் இறந்தார். இது போதும். மிச்சத்தை வெட்டிவிட்டு ஒரே ஒரு படத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் விளக்குத்தூணையே எடுங்களேன். ட்ரைப் அதைப் படம் எடுத்திருக்கிறார். 1840-களில் மதுரைக் கோட்டைச் சுவரை இடிக்கச் செய்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நட்ட தூண் அது. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்தான் இன்றைக்கும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று நடமாடுகிறது. பழங்காலக் கோயில்களைப் பதிவு செய்ய வந்தவர், அப்போது சில வருஷமே ஆகியிருந்த ஒரு கம்பெனித் தூணையும் ஏன் எடுத்தார்? இந்தக் கேள்வி ஒன்றை வைத்தே பாதிக் கட்டுரை எழுதிவிடலாம்.

திருச்சி, காட்சித் தொடர்பியல் மாணவர்: படங்களில் ஆளே இல்லை. விரட்டிவிட்டு எடுத்தாரா?

விரட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவர் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். மெல்லிய காகிதத்தில் மெழுகு ஏற்றி, வெள்ளி உப்புகளில் நனைத்து, கேமராவில் வைத்து நெடுநேரம் வெளிச்சம் காட்ட வேண்டும். குறுக்கே நடந்துபோனவர் பதியவே மாட்டார். கொஞ்சம் அசைந்தவர் புகை மாதிரி தெரிவார். கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலைப் பூசி, ஈரத்தோடு எடுக்கும் முறை அப்போதே வந்துவிட்டது. ஆனால் அது காய்வதற்குள் எல்லா வேலையும் முடிந்தாக வேண்டும். நம் வெயிலில் கேட்கவா வேண்டும்! மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம், படம் எடுத்துவிட்டு ஆற அமரக் கழுவலாம்.

அதற்காக "தொழில்நுட்பக் குறைபாடு" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். வெளியான தொகுப்புகளைப் புரட்டினால் கோயில், அரண்மனை, பாறைக்கோட்டை என்று கட்டடமாகவே போகும். அந்த வெறுமையில் பாதி காகிதத்தால் வந்தது, பாதி ட்ரைப் எதைத் தேடிப் போனார் என்பதால் வந்தது.

கோவை மாணவி: மேகங்கள் வரைந்தவை என்று படித்தேன். அப்படியானால் இது போலிதானே?

நெகட்டிவில் வண்ணம் பூசி மேகம் சேர்த்தது உண்மை. அந்தக் கால ரசாயனத்தில் நீல வெளிச்சம் அளவுக்கு மீறிப் பதிந்துவிடும். வானம் வெறும் வெள்ளையாக விழும், அல்லது திட்டுத்திட்டாக விழும். அதை மறைக்கத் தூரிகை எடுத்தார். "போலி" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். எந்த இடத்தில் தூரிகை பட்டிருக்கிறது, எந்த இடத்தில் படவில்லை என்று பாருங்கள். வானத்தில் இவ்வளவு தாராளமாக விளையாடியவர், கீழே வந்த கல்லையும் எழுத்தையும் அப்படியே காட்டத்தான் பாடுபட்டார்.

தஞ்சாவூர் மாணவர்: பெரிய கோயில் பற்றி எழுதுகிறேன். எந்தப் படத்தை எடுக்கலாம்?

விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டை எடுத்தாரே, அதைத்தான். வேறு யோசனையே வேண்டாம். இருபத்தொரு படங்களை எடுத்து, வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக ஆக்கினார். கேமராவை நகர்த்தி நகர்த்தி வைக்கும்போது தூரமும் உயரமும் மாறக் கூடாது. கொஞ்சம் பிசகினாலும் ஒட்டும்போது வரி இடறும். வெயில் வேறு மாறிக்கொண்டே இருக்கும்.

தானும் தன் அக்கனும் பெண்டுகளும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்ன அதே விமானம். கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஷ் இந்தக் கோயிலின் கல்வெட்டுகளைப் படித்து அச்சிடத் தொடங்கியது 1890-களில். அதற்கு முப்பது வருஷம் முந்தியே ஒருவர் வரி வரியாகப் படம் பிடித்திருக்கிறார். எனக்கு ட்ரைப்பின் படங்களிலேயே பிடித்தது இதுதான். "அழகான" படம் எதுவென்று கேட்டால் இதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதாலும் இருக்கலாம்.

சென்னை, முதுகலை மாணவர்: 'காலனியப் பார்வை' என்ற கோணத்தில் எழுதச் சொல்கிறார் வழிகாட்டி.

எழுதுங்கள். ஆனால் அந்தச் சொல்லை மூன்று தடவைக்கு மேல் பயன்படுத்தாமல் எழுதிப் பாருங்கள் தம்பி. 1857 டிசம்பரில் சுற்றுப்பயணம் கிளம்புகிறார். அவர் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று கேமராவோடு போன மாதங்களில் லக்னோவில் சிப்பாய்க் கிளர்ச்சிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ராணுவச் சம்பளக்காரர், அரசுச் செலவு. அந்தச் செலவுதான் வேலையையும் முடித்துவைத்தது: 1859-இல் சென்னை ஆளுநராக வந்த ட்ரெவெல்யன், இருக்கிற நிதி நிலைமைக்கு இது ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். இப்படி மாதமும் காசும் வந்துவிட்டால் "பார்வை" தானாக வந்துவிடும்.

நெல்லை மாணவி: நல்ல படங்கள் எங்கே கிடைக்கும்?

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் நூலகம். தேடும்போது பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலைப் போடுங்கள்: மதுரா, டாஞ்சூர், ட்ரிச்சினாபொலி, செரிங்கம், பூடூகோட்டா. மதுரை என்று போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று புலம்பியவர்கள் நிறையப் பேர். படத்தோடு இருக்கும் சேகரிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்சப்பில் வந்த படத்தை மட்டும் வைத்து எழுதாதீர்கள். வேறு யாரோ எடுத்ததெல்லாம் ட்ரைப் பெயரில் சுற்றுகிறது.

அதே மாணவி: செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன், ட்ரைப் சொன்னதாக ஒரு மேற்கோள் தந்தது. போடலாமா?

எந்தக் கடிதம், எந்தத் தேதி என்று கண்டுபிடித்தால் போடலாம். இல்லையென்றால் வேண்டாம்.

மதுரை, முதலில் கேட்ட மாணவி: நேரில் போய்ப் பார்க்க வேண்டுமா சார்?

கட்டாயம். படத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள், எத்தனை மணிக்கு எடுத்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் தையல் கடைகள் இருந்த காலத்தில் நான் இப்படிப் போய், அவர் நின்ற இடத்தைத் தேடி ஒரு மணி நேரம் சுற்றினேன். தூண்கள் பொருந்தவே இல்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் தாளை வாங்கிப் பார்த்தார். "நீங்க கெழக்கால நிக்கிறீங்க சார். இது மேக்கே இருந்து பார்த்தது" என்றார். படத்தின் தலைப்பிலேயே 'மேற்கு முகப்பிலிருந்து' என்றுதான் இருந்தது. நான்தான் தலைப்பைப் படிக்கவில்லை.