வேலிக்கருவை விறகும் புகைபோக்கியில் வழியும் தாரும்

கேள்வி: தோட்டத்து வீட்டில் புகைபோக்கி வைத்து அடுப்பு கட்டியிருக்கிறோம். எரிப்பது வேலிக்கருவை. ஆறே மாதத்தில் குழாயிலிருந்து கறுப்பாகப் பிசின் மாதிரி வழிகிறது. சில நாள் புகை அடுப்படிக்கே திரும்பி வருகிறது. வேறு விறகுக்கு மாறலாமா?
– வாசகி, வாடிப்பட்டி

பதில்: மரத்தை மாற்ற வேண்டாம், ஈரத்தைப் போக்குங்கள். வேலிக்கருவை கனத்த மரம். நின்று எரியும், தணலும் நிற்கும். கண்மாய்க்குள் முளைத்ததை வெட்டினால் கண்மாய்க்கும் நல்லது. ஆனால் பச்சை விறகின் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தண்ணீர்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போக 600 கிலோ கலோரி வெப்பம் வீணாகும். அடுப்பு சூடேறாது, புகை முழுசாக எரியாமல் மேலே போய்க் குளிர்ந்த குழாயில் தாராகப் படியும். அந்தத் தார் தீப்பிடிக்கக்கூடியது. ஓலைக் கூரை வழியாகக் குழாய் போகிறதென்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தை, மாசியில் வெட்டி, ஒன்றரை அடி நீளத்தில் நறுக்கி, 2 அல்லது 3 அங்குலக் கனத்துக்குப் பிளந்துவிடுங்கள். பிளக்காத உருட்டுக்கட்டையில் பட்டை ஈரத்தை விடாது. செங்கல் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சித்திரை, வைகாசி வெயில் முழுக்கப் பட்டால் ஆடியில் எரிக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே மட்டும் தகரம் போடுங்கள். சுற்றிலும் தார்ப்பாயைக் கட்டினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த துண்டுகளை மோதினால் கணீரென்று கேட்கும், முனையில் வெடிப்பு ஓடியிருக்கும். எரியும்போது முனையில் நுரை கட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பற்றவைக்கத் தென்னம்பாளை, சிரட்டை போதும். பருத்திமார் சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும். எருவாட்டி நின்று கனலும். ஆனால் புகையும் சாம்பலும் அதிகம், சாம்பலை அன்றாடம் அள்ள வேண்டும். அரளிக் கட்டை, பெயின்ட் அடித்த பழைய சன்னல், பிளைவுட் எதுவும் அடுப்புக்குள் போகக்கூடாது, அந்தப் புகை விஷம்.

புகை திரும்புவதற்குக் குழாய் அடைப்பும் காரணமாக இருக்கும். அடுப்பு நன்றாக ஆறியபின் கயிற்றில் சாக்குச் சுருளைக் கட்டி மேலும் கீழும் இழுங்கள். மாதம் ஒருமுறை செய்யுங்கள். குழாய் முனை கூரை முகட்டைவிட 2 அடியாவது உயர்ந்திருக்கட்டும்.

கேள்வி: கரி அடுப்பு புகையாதே, மழைக்காலத்தில் கதவைச் சாத்திய அறையில் வைக்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: வைக்கவே கூடாது. புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் விழிக்காமலே இறந்துபோகலாம். தாழ்வாரத்தில் மூட்டுங்கள், அல்லது சன்னலைத் திறந்து வைத்துப் புகைபோக்கிக்குக் கீழே மூட்டுங்கள். கனல் இருக்கும்வரை படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.