வயித்துல இருக்கற குழந்தைக்கு ராத்திரி பகல் தெரியுமா? கேளுங்க, சொல்றேன்

சத்துவாச்சாரில இருக்கேன், பிரசவ வார்டுல 26 வருஷம் நர்ஸா இருந்தவ. கேளுங்க.

குடியாத்தத்துலேர்ந்து, ஏழு மாசம்: அக்கா, பகல் பூரா கம்முனு கீது, ராத்திரி பத்து மணிக்கு படுத்தா உதைக்குது. இன்னாத்துக்கு?

நீங்க நடமாடும்போது கவனம் வேலைல இருக்கும், அசைவு தெரியாது. ஆனா அது மட்டும் இல்லமா, கடைசி மூணு மாசத்துல சாயங்காலத்துக்கு மேல நெசமாவே அசைவு ஜாஸ்திதான். நடுவுல 20லேர்ந்து 40 நிமிஷம் தூங்கும். சிடிஜி, அதான் குழந்தையோட இதயத்துடிப்ப பேப்பர்ல வரையற மெஷின், அத போடும்போது பாத்திருக்கேன், பேப்பர்ல கோடு படுத்தாப்ல போய்க்கினே இருக்கும், அம்மா என் முகத்தையே பாப்பாங்க, கொஞ்சம் பொறுத்தா குழந்தை முழிச்சிக்கும், கோடு குபீர்னு மேல ஏறும்.

ராணிப்பேட்டைலேர்ந்து, அஞ்சு மாசம்: வாரத்துல மூணு நாள் நைட் டூட்டி. குழந்தைக்கு கெடுதலா?

நம்ம மூளைல அரிசி மணி அளவுல ஒரு கடிகாரம் இருக்கு, கண்ணுல விழற வெளிச்சத்த வச்சுதான் அது நேரம் பாக்குது. இருட்டானா மெலடோனின்னு ராத்திரிய சொல்ற ஹார்மோன் சுரக்கும், அது நஞ்சுக்கொடி வழியா அப்படியே குழந்தைக்கு போவுது, ஏன்னா குழந்தையால சொந்தமா அத ஒழுங்கா சுரக்க முடியாது. உங்க ராத்திரிதான்மா அதுக்கும் ராத்திரி. ராத்திரி பூரா டியூப் லைட்டுக்கு கீழ இருந்தா அந்த சேதி சரியா போவாது. வாரத்துல ரெண்டு நைட்டோ அதுக்கு மேலயோ பாத்தவங்களுக்கு கரு கலையற வாய்ப்பு கூடுதுன்னு 2019ல டென்மார்க் ஆய்வு ஒண்ணு சொல்லுச்சு. பயமுறுத்தறதுக்கு சொல்லல, டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி பகல் டூட்டி கேளுங்க, கூச்சப்படாதீங்க. முடியாதுன்னா வீட்டுக்கு வந்ததும் ஜன்னல்ல தடிமனா போர்வை கட்டி இருட்டாக்கி தூங்குங்க. மெலடோனின் மாத்திரைய நீங்களா வாங்கி போடாதீங்க.

ஆற்காட்டுலேர்ந்து, எட்டு மாசம்: நேத்துலேர்ந்து அசைவு கம்மி. மாமியார் ஜூஸ் குடிச்சிட்டு காலைல பாக்கலாம்னாங்க.

இத படிச்சதும் ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்கமா, இப்பவே. வழக்கமா உதைக்கற நேரத்துல உதைக்கலன்னா ஜூஸ குடிச்சிட்டு காத்திருக்கற விஷயம் இல்ல. அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, அவங்களையும் கூட்டிக்கினே போங்க.

காட்பாடிலேர்ந்து, கணவர்: வலி ராத்திரிலதான் வரும்ங்கறாங்களே?

தானா வர்ற வலி நெறைய பேருக்கு ராத்திரியும் விடிகாலையும்தான் தம்பி. ஆட்டோக்காரர் நம்பர இப்பவே வாங்கி வச்சிக்கோங்க, இல்லன்னா 108 இருக்கு.

பேர்ணாம்பட்டுலேர்ந்து, பொறந்து இருபது நாள்: பகல்ல தூங்குது, ராத்திரி முழிச்சிக்குது.

வயித்துல இருந்தவரைக்கும் நீங்கதான் அதுக்கு கடிகாரம், இப்ப அந்த தொடர்பு அறுந்துபோச்சு. அதோட கடிகாரம் சரியா ஓட ரெண்டு மூணு மாசம் ஆவும். பகல்ல தூளிய வெளிச்சம் வர்ற எடத்துல கட்டுங்க, வெயில் மூஞ்சில படாம. ராத்திரி பெரிய லைட்ட போடாம, போன பாக்காம, ஜீரோ வாட்ஸ் பல்புல தாய்ப்பால் குடுங்க. ராத்திரி பால்ல உங்க மெலடோனின் இருக்கு, பகல் பால்ல அது பேருக்குத்தான்.