டேகேரிலிருந்து ஃபோன் வந்தால் யார் போவது?

கேள்வி: பெங்களூரு பெல்லந்தூரில் இருக்கிறோம். நானும் கணவரும் ஐ.டி. வேலை. மகளுக்கு 22 மாதம். டேகேரில் சேர்த்து நான்கு மாதம் ஆகிறது, அதில் பாதி நாள் சளி. மூக்கு ஒழுகினாலே ஃபோன் செய்து கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். ஆனால் அதே அறையில் இன்னொரு குழந்தைக்குக் கை, கால், வாய் நோய் வந்ததை யாருமே சொல்லவில்லை, என் மகளுக்கும் வந்துவிட்டது. இப்போது டாக்டரிடம் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வாங்கி வந்தால்தான் சேர்ப்பார்களாம். ஒருமுறை லேசான காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்து அங்கே விட்டுவிட்டு ஆபீஸ் போனேன். மதியம் காய்ச்சல் ஏறிவிட்டது, அங்கிருக்கும் அக்கா எல்லோர் முன்னாலும் திட்டினார். மாமியார் வேலையை விட்டுவிடு என்கிறார். அம்மா தருமபுரியில் இருக்கிறார், எப்போதும் கூப்பிட முடியாது. டேகேரை மாற்றட்டுமா, வேலையை விடட்டுமா?
பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

வேலையை விட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் தெரிகிறது. சின்னக் குழந்தைகளுக்கு வருடத்துக்கு ஆறேழு முறை சளி பிடிப்பது சாதாரணம், டேகேர் போகும் குழந்தைக்குப் பத்து, பன்னிரண்டு வரைகூடப் போகும். ஒவ்வொரு சளியும் ஒரு வாரம், பத்து நாள் இழுக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், முதல் சில மாதங்களில் பாதி நாள் சளி என்று நீங்கள் எழுதியிருப்பதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. உங்கள் மகள் நோஞ்சானும் இல்லை, நீங்கள் கவனிக்காமல் விடவும் இல்லை. வீட்டிலேயே வளரும் குழந்தை இதே சளியை எல்.கே.ஜி. சேர்ந்த பிறகு வாங்கிக்கொண்டு வரும். சீக்கிரமே டேகேர் போன குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் சளி குறைவாக வருகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. இதை நீங்கள் சொன்னால் மாமியாருக்கு எதிர்வாதமாகத்தான் கேட்கும், அதனால் அடுத்த முறை அவரையும் குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போங்கள், டாக்டர் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

சரி, பாராசிட்டமால் விஷயம். அந்த அக்கா எல்லோர் முன்னாலும் திட்டியது தவறு, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் மருந்தைக் கொடுத்து அனுப்புவதை நீங்கள் இனி செய்யக்கூடாது, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். காலை ஏழரைக்குக் கொடுத்த மருந்து பதினொன்று, பன்னிரண்டு மணிவரை காய்ச்சலை அமுக்கி வைக்கும், அதுவரை அவள் பத்துக் குழந்தைகளோடு ஒரே தட்டில் பொம்மையும் பிஸ்கட்டும் பகிர்ந்துகொண்டிருப்பாள். அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. நீங்கள் கொடுத்தது தெரியாமல் டேகேரில் பத்து மணிக்கு உடம்பு சுடுகிறது என்று இன்னொரு டோஸ் கொடுத்துவிட்டால்? ஒரு டோஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும், அளவும் குழந்தையின் எடையைப் பார்த்துத்தான், ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் டாக்டர் எழுதுவார். மெடிக்கல் ஷாப்பில் ஒரே மருந்து 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு வலிமையில் கிடைக்கிறது, பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றி ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். அளவு மீறினால் அடிபடுவது கல்லீரல். அதனால் மருந்து கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு, எந்தப் பாட்டில், எத்தனை மில்லி என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு லீவு, மருந்து எதுவும் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் மறுபடி அனுப்பலாம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது வலிப்பு வரும், அப்போது ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் ஸ்பூனோ துணியோ எதையும் திணிக்கக்கூடாது. டேகேர் ஆயாவுக்கு இது தெரியுமா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், இருமல் சிரப் கொடுத்துத் தூங்க வைத்து அனுப்பும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்தார்களே, அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதன் பிறகு மத்திய சுகாதாரத் துறை இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் சிரப் வேண்டாம் என்றும், ஐந்து வயது வரையுமே பொதுவாகத் தேவையில்லை என்றும் அறிவுறுத்தியது. டேகேர் கையில் அப்படி ஒரு பாட்டிலை நீங்களும் கொடுக்காதீர்கள், அவர்களாகவே கொடுக்கவும் விடாதீர்கள்.

மூக்கு ஒழுகினால் கூப்பிடுவது பற்றி நான் முழுக்க உங்கள் பக்கம். சளி மூக்கில் இறங்குவதற்கு முன்பே பரவ ஆரம்பித்துவிடுகிறது, அதனால் ஒழுகுகிற குழந்தையைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பி அந்த அறையில் யாரையும் காப்பாற்ற முடியாது. சளி பச்சையாக மாறினால் உடனே ஆன்ட்டிபயாட்டிக் வேண்டும் என்பதும் தப்பு, சாதாரண வைரஸ் சளியே நான்கைந்து நாளில் நிறம் மாறித்தான் போகும். பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: குழந்தை வழக்கம்போல விளையாடிச் சாப்பிடுகிறதா, மற்ற குழந்தைகளை விட்டுவிடாமல் இவளையும் ஆயாவால் கவனிக்க முடிகிறதா. இரண்டுக்கும் ஆம் என்றால் சளியோடு இருக்கட்டும். மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புக்கு நடுவே உள்ளே இழுத்தாலோ, சோர்ந்து படுத்தேவிட்டாலோ உடனே கூப்பிட வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் நிற்கும்வரை வீடுதான், நின்ற பிறகும் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பார்த்துவிட்டு அனுப்புங்கள், அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். சின்னம்மை போட்டால் கடைசிக் கொப்புளமும் பொருக்கு தட்டும்வரை அனுப்பக்கூடாது, இதில் சமரசமே இல்லை, அந்த அறையில் கர்ப்பமாக இருக்கும் டீச்சர்கூட இருக்கலாம்.

இனி கை, கால், வாய் நோய். 2022-ல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று எல்லோரும் பயந்தது பெரும்பாலும் இதுதான். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அது போக வேண்டிய இடம் டேகேர் நிர்வாகம், அந்த இன்னொரு அம்மா இல்லை. கொப்புளம் தெரிவதற்கு முன்பே பரவிவிடும் நோய் இது, தொற்றி மூன்றிலிருந்து ஆறு நாள் கழித்துத்தான் காய்ச்சலும் புண்ணும் வரும், அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். எந்தக் குழந்தை என்று தேடாதீர்கள். நிர்வாகம் செய்திருக்க வேண்டியது, தெரிந்த அன்றைக்கே பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில், பெயர் சொல்லாமல், இந்த அறையில் ஒரு குழந்தைக்கு இந்த நோய் இருக்கிறது, ஒரு வாரத்துக்கு வாயையும் உள்ளங்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரி போடுவது. அதைச் செய்யவில்லை. குழந்தைகள் வெளியேறிவிடுவார்கள் என்ற பயத்தில் மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, அந்தப் பயம் புரிகிறது, ஆனால் மறைப்பதால் அறை முழுக்க நோய் சுற்றி அவர்களுக்கும் சேர்த்துத்தான் நஷ்டம்.

சர்டிஃபிகேட் கேட்பதும் இந்த நோய்க்குப் பெரிதாக உதவாது. குழந்தை முழுக்கத் தேறிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் வந்துகொண்டிருக்கும், எந்த டாக்டராலும் கிருமியே இல்லை என்று எழுதித் தர முடியாது. காய்ச்சல் இல்லை, கொப்புளம் காய்ந்துவிட்டது, வாய்ப்புண்ணால் எச்சில் வழியவில்லை, தண்ணீரும் சாப்பாடும் இறங்குகிறது என்றால் அனுப்பலாம். அதற்கு மேல் பரவாமல் பார்ப்பது டயப்பர் மாற்றும் இடத்தில் நடக்கும் வேலை. அந்த இடம் சாப்பாடு ஊட்டும் இடத்தை விட்டுத் தள்ளி இருக்கிறதா, ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் விரிப்பைத் துடைக்கிறார்களா, ஆயா சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாரா? சுவரில் சானிடைசர் பாட்டில் மாட்டியிருப்பதைக் காட்டுவார்கள், ஆனால் இந்த வைரஸ்மேல் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். வாயில் வைக்கும் பொம்மைகளைத் தினமும் கழுவ வேண்டும். இன்னொன்று, சில வாரம் கழித்து உங்கள் மகளுக்கு விரல் நகமோ கால் நகமோ கழன்று வரலாம், பயப்பட வேண்டாம், இந்த நோய்க்குப் பிறகு சில குழந்தைகளுக்கு அப்படி நடக்கும், புது நகம் தானாக முளைத்துவிடும்.

யாரும் கேட்காத ஒரு கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆயாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுக்கிறார்களா? சம்பளம் போகும் என்றால் அவர் வயிற்றுப்போக்கோடும் வந்து உங்கள் மகளுக்குச் சோறு ஊட்டுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. குழந்தைகளுக்கு அத்தனை விதி எழுதி வைத்துவிட்டு, அவர்களைத் தூக்கி வைத்திருக்கும் பெண்களுக்கு ஒரு விதியும் இல்லாத டேகேரை நான் நல்ல டேகேர் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் கணவர் முதல் வரியோடு காணாமல் போய்விட்டார். ஃபோன் உங்களுக்கு, திட்டு உங்களுக்கு, வேலையை விடச் சொல்வதும் உங்களைத்தான். டேகேர் அட்மிஷன் ஃபாரத்தில் முதல் நம்பராக யாருடைய நம்பர் இருக்கிறது என்று பாருங்கள், அதை மாற்றி அவருடையதை எழுதுங்கள். திங்கள், புதன், வெள்ளி ஃபோன் வந்தால் அவர் போக வேண்டும், மற்ற நாள் நீங்கள் என்று ஞாயிற்றுக்கிழமையே பேசி வைத்துவிடுங்கள், யாருக்கு எந்த மீட்டிங்கை நகர்த்த முடியாது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அவுட்டர் ரிங் ரோட்டில் மழை நாளில் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரத்தில் யாராலும் வந்து சேர முடியாது, அதனால் நடந்து வரும் தூரத்தில் இருக்கும் ஒருவரை, அபார்ட்மெண்ட் தோழியோ பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ, போட்டோவும் அடையாள அட்டை நகலும் கொடுத்து மூன்றாவது ஆளாகப் பதிந்து வையுங்கள். அம்மாவைத் தருமபுரியிலிருந்து ஒவ்வொரு சளிக்கும் பஸ் ஏற்றாதீர்கள், இந்த மாதிரி ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டிய நோய்க்கு மட்டும் கூப்பிடுங்கள். ஆபீஸில் எச்.ஆரிடமும் கேளுங்கள், 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடரும் விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரவும் விட வேண்டும். அந்த வரியில் அப்பாவையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

டேகேரை உடனே மாற்ற வேண்டாம். புது இடம் என்றால் புதுக் கிருமிகள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நிர்வாகியிடம் நேரம் கேட்டு, கணவரோடு போய் உட்கார்ந்து பேசுங்கள். எந்த நோய்க்கு எத்தனை நாள் லீவு, எப்போது கூப்பிடுவார்கள், தொற்று வந்தால் எல்லோருக்கும் எப்படிச் சொல்வார்கள், மருந்தை யார் கொடுப்பது, லீவு நாளுக்குச் சாப்பாட்டுக் காசாவது கழிப்பார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். அந்த பாராசிட்டமால் நாளைப் பற்றி நீங்களே முதலில் பேசிவிடுங்கள், அதன் பிறகு அவர்களும் மறைக்காமல் பேசுவது சுலபமாகும். ஒரு மாதம் பாருங்கள். எழுதித் தர மறுத்தாலோ, அடுத்த தொற்றையும் மறைத்தாலோ மாற்றுங்கள், அப்போது புது இடத்தைக் காலையில் போய்ப் பார்க்காமல் மதியச் சாப்பாடு முடிந்து டயப்பர் மாற்றும் நேரத்தில் போய்ப் பாருங்கள். இதற்கிடையில் தடுப்பூசி அட்டையை எடுத்து, சின்னம்மைத் தடுப்பூசியும் ஃப்ளூ ஊசியும் போட்டாயிற்றா என்று டாக்டரிடம் காட்டுங்கள், சின்னம்மைத் தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லாததால் பலருக்கு விட்டுப்போகிறது, ஃப்ளூ ஊசி முதல் தடவை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு போட வேண்டியிருக்கும்.